முதுமையும் துடுப்பும்

மனிதனுடைய ஆயுளை மூன்று கூறாகப் பகுத்து, முதற்கூறு கற்றற்கும், இரண்டாங்கூறு உழைத்தற்கும், மூன்றாங்கூறு ஓய்ந்திருத்தற்கும் உரியன என்று கருதுதல் நம் நாட்டிற் பலருக்கு வழக்கமாயிருக்கின்றது. முதலிரண்டையும் பற்றி ஈண்டு நாம் வழக்காட வேண்டுவதில்லை. மூன்றாவதே நம் ஆராய்ச்சிக்குரியது. ஐம்பதைக் கடந்த ஒருவர், அதுகாறும் கைதொட்டறியாத ஒரு தேகப்பயிற்சியை, அதிலும் நீரின்மேல் நிகழ்வதொன்றை, புதிதாகத் தொடங்குதல் கூடுமோ? கூடுமெனின் அதனால் விளையும் பயன் யாது? அதற்குரிய முறையும் எச்சரிக்கையும் யாவை? இவ்வினாக்களுக்கு விடை காணும்பொருட்டுத் தண்டு வலித்தலை, அஃதாவது துடுப்பினாற் படகு செலுத்துதலை, எடுத்துக்கொள்வோம்.

இது வேடிக்கைக்காக எடுத்த பொருளன்று. சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்பூதூர் தொடங்கி ஒரகடம் வரையிலுள்ள நிலப்பகுதி ஒரு தலைமுறைக்கு முன் பெரும்பாலும் ஏரியும் கழனியுமாய் இருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்த் தொழிற்சாலை 1998-ஆம் ஆண்டிற் கார்களை வெளியிடத் தொடங்கிற்று. ஒரகடத்தில் ரெனால்ட்-நிஸான் தொழிற்சாலை 2010-லும், டெய்ம்லர் கம்பெனியின் லாரித் தொழிற்சாலை 2012-லும் திறக்கப்பெற்றன. இவற்றையொட்டிக் கண்ணாடி, டயர், மின்னணுக் கருவி முதலியன செய்யும் சாலைகளும் பல எழுந்தன. 1998-இல் இருபத்திரண்டு வயது இளைஞராய் அவ்வாயிலுக்குள் நுழைந்தவர் இப்பொழுது ஐம்பதை அடுத்து நிற்கின்றார். இன்னும் எட்டாண்டு சென்றால் தொழிலாளர் ஓய்வூதியச் சட்டம் குறிக்கும் ஐம்பத்தெட்டாம் வயதை அவர் எய்துவார். அவர் தந்தையார் உழவர். உழவர்க்கு ஓய்வுபெறும் வயது என்பதொன்றில்லை. ஆகவே, இவ்வட்டாரத்தில் ஒரு நாளிற் பணி முடிந்து மறுநாள் செய்வதறியாது திண்ணையில் அமரும் நிலையைப் பெருந்தொகையாகக் காணப்போகும் முதல் தலைமுறை இதுவே. மாணவ அன்பர்களே, உங்களுட் பலருடைய தந்தையரைப் பற்றியே இங்குப் பேசுகின்றோம்.

இவ்வூர்களுக்கும் படகுக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். நீர்வழித் தொடர்பு உண்டு. சென்னை நகரினூடே சென்று கடல் புகும் அடையாறு ஸ்ரீபெரும்பூதூர் வட்டாரத்து ஏரிகளின் மிகுநீரே ஆகும். மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்தில் அது ஓடையாய் உருக்கொண்டு, திருநீர்மலையருகே செம்பரம்பாக்கம் ஏரியின் வெளிநீரையும் ஏற்று, ஏறக்குறைய 42 கிலோமீட்டர் நடந்து வங்கக்கடலை அடைகின்றது. (பல்லவன் நரசிம்மவர்மன் சளுக்கவேந்தன் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்று இம்மணிமங்கலமே என்பதை வரலாற்று மாணாக்கர் நினைவுகூர்வர்.) இந்த அடையாற்றின் கீழ்ப்பகுதியிலேதான் 1867-ஆம் ஆண்டில் மெட்ராஸ் போட் கிளப் என்னும் படகுச் சங்கம் நிறுவப்பெற்றது. நெடுங்காலம் ஐரோப்பியரே அதன் உறுப்பினராயிருந்தனர். 1864-இல் தோன்றிய கொழும்புப் படகுச் சங்கத்தோடு அது 1898-இல் தொடங்கிய போட்டி, இடையிடையே தடைப்பட்டும், இன்றளவும் நடைபெறுகின்றது. ஆடவர் வென்றாற் பெறுவது தீபம் கேடயம். மகளிர் வென்றாற் பெறுவது அடையாறு கேடயம். அவ்வாற்று நீர் இன்று சாக்கடை கலந்து நாறுவதை எவரும் மறைக்கவியலாது. அங்ஙனமிருந்தும் விடியற்காலையில் அதன்மேல் ஒல்லியான படகுகள் செல்வதைப் பாலத்தின்மேல் நிற்பவர் காணலாம்.

மேலைத்தலையில் ஏரி, கீழைத்தலையிற் படகுச் சங்கம். இவ்விரண்டிற்கும் இடையே வாழ்வோர் படகின் அருமையை உணர்ந்தது 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில். செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் வெளிவிடப்பட்டபோது, முடிச்சூர், வரதராஜபுரம் முதலாக அடையாற்றங்கரை ஊர்களெல்லாம் நீரில் மூழ்கின. கடற்கரையிலிருந்து லாரியில் ஏற்றிக்கொணர்ந்த படகுகளில் மீனவர் வந்து, மாடியில் நின்றோரை மீட்டனர். அன்று மாடியில் நின்றவருட் பெரும்பாலார்க்கு நீந்தவுந் தெரியாது, துடுப்புப் பிடிக்கவுந் தெரியாது. ஏரிகளின் நடுவே பிறந்து வளர்ந்த மக்கள் இவ்வாறிருத்தல் வியப்பிற்குரியதே.

இனித் தண்டு வலித்தலின் இயல்பைக் காண்போம். கையில் துடுப்பைத் தூக்கிப் பிடித்து நீரைத் தள்ளுவது துழாவுதல். ஒகேனக்கல்லிற் பரிசல்காரர் செய்வது அதுவே. படகின் விளிம்பிற் கொளுவிய நீண்ட தண்டை நெம்புகோல்போல் இழுப்பது வலித்தல். முன்னதில் முகம் செல்லும் திசையை நோக்கும். பின்னதில் முதுகே செல்லும் திசையை நோக்கும். ஆதலால் வலிப்பவர் தாம் கடந்துவந்த வழியைப் பார்த்துக்கொண்டு, அடையவேண்டிய இடத்திற்குப் புறங்காட்டிச் செல்கின்றார். சுக்கான் பிடிப்பவர் இல்லாத படகாயின், சில வலிப்புக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கழுத்துப் பிடிப்புள்ள முதியோர்க்கு இஃதொன்றே தொடக்கத்திற் பெருந்துன்பம்.

போட்டிக்குரிய ஒற்றையாட் படகு ஏறக்குறைய 8 மீட்டர் நீளமும், குறைந்தது 14 கிலோ எடையும் உடையது. அகலமோ இருப்பவர் இடுப்பளவே. தண்டுகள் இரண்டும் இருமருங்கும் விரிந்து நீரைத் தொட்டிருக்கும்வரையில் அது நிற்கும். அவற்றைக் கைவிட்டாற் கவிழும். இருக்கை சக்கரங்களின்மேல் முன்னும் பின்னும் ஓடும். இதனை அறியாதார், வலித்தல் கையால் ஆவதென்று நினைப்பர். உண்மை அதுவன்று. வலிமையிற் பத்தில் ஆறு பங்கு காலினின்றும், மூன்று பங்கு முதுகு, இடுப்பினின்றும், ஒரு பங்கே கையினின்றும் வருவதாகப் பயிற்சியாளர் தோராயமாகக் கணக்கிடுவர். ஒரு வலிப்பிற்கு நான்கு உறுப்பு உண்டு. முழங்கால் மடங்கிய நிலையில் தண்டின் நுனியை நீரிலிடுவது பற்றல். காலால் உதைத்துப் பின்செல்வது உந்தல். தண்டை மார்பளவிற் கொணர்ந்து நீரினின்றும் எடுப்பது விடுத்தல். முன்னே நகர்ந்து மீண்டும் முதல் நிலைக்கு வருவது மீளல். உந்தும்போது கால், பிறகு உடல், பிறகு கை. மீளும்போது கை, பிறகு உடல், பிறகு கால். இவ்வரிசை மாறினால் முதுகு நோகும். தண்டு வலிப்போர்க்கு நேரும் கேடுகளில் இடுப்புப்பக்கத்து முதுகுநோவே முதன்மையானது என்பதை இளையோரும் மறத்தலாகாது.

மீளலை மெதுவாகச் செய்யவேண்டும் என்பது இக்கலையின் உயிர்நாடி. புதிதாகக் கற்போர் உந்தும் வேகத்திலேயே மீளவும் விரைவர்; அதனாற் படகு தடைப்படும், மூச்சும் இரைக்கும். நிமிஷத்திற்குப் பதினெட்டு அல்லது இருபது வலிப்புப் போதும். உந்துவது ஒரு மாத்திரை எனின் மீளுவது இரு மாத்திரை என்று மனத்துட் கொள்க. முதியவர் இளையவரைவிட இவ்விடத்தில் விரைந்து கற்கின்றார் என்பது நம் துணிபு. அவசரப்படாமை அவர்க்கு முன்னரே கைவந்ததன்றோ!

தமிழில் ‘வலி’ என்னுஞ் சொல் ஆற்றலையும் நோவையும் ஒருங்கே குறிப்பது. பின்வயதிற் பயிற்சி தொடங்குவோர் இவ்விரு பொருளையும் பிரித்தறியக் கற்க வேண்டும். தொடையும் தோளும் மறுநாட் கனப்பது முதற்பொருளைச் சார்ந்தது. இரண்டு மூன்று நாளில் தானே தீரும். மார்பிடை இறுக்கம், இடத்தோளிலோ தாடையிலோ பரவும் நோவு, தலைசுற்றல், மூட்டிற் குத்தும் வேதனை ஆகியன இரண்டாவதைச் சார்ந்தன. அவை தோன்றிய அக்கணமே நிறுத்தி மருத்துவரை அடைதல் வேண்டும். நீரிழிவும் இரத்தக்கொதிப்பும் உடையோர் தொடங்குமுன்னரே மருத்துவர் இசைவைப் பெறுக. நீரிழிவிற்கு மருந்துண்போர் வெறுவயிற்றில் வலித்தல் கூடாது. வலிக்கும்போது மூச்சையடக்குதல் எவர்க்கும் ஆகாது.

“நாள்முழுதும் தொழிற்சாலையில் நின்றும் குனிந்தும் உழைப்பவர்க்கு வேறு தேகப்பயிற்சி எதற்கு?” என்று கேட்பார் உண்டு. தகுந்த கேள்வியே. டென்மார்க்கு நாட்டுக் கோபன்ஹேகன் நகரில் 1,04,046 பேரைச் சுமார் பத்தாண்டு தொடர்ந்து நோக்கி 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை கூறுகின்றது. ஓய்வு நேரத்தில் உடலை மிகுதியாக இயக்கியவர்க்கு இருதய நோயும் இறப்பும் குறைந்தன. வேலையில் மிகுதியாக உடலை வருத்தியவர்க்கோ அவை கூடின. ஒரே உடல், ஒரே இயக்கம், பயன்மட்டும் மாறுபட்டது. காரணம் இன்னதென்று அறிஞர் இன்னும் முற்றத் துணிந்திலர். வேலையிற் பலமணி நேரம் இடையீடின்றி இருதயமும் இரத்த அழுத்தமும் உயர்ந்தே நிற்பதும், வேண்டும்போது ஓய இயலாமையும் காரணமாகலாம் என்பர். கன்வேயர் முன் நிற்பவர் ஒரு திருகையே நாள்தோறும் நூற்றுக்கணக்கான தடவை ஒரு கையால் முறுக்குகின்றார். அவ்வேகத்தைக் குறிப்பது யந்திரம். படகிலோ வேகத்தைக் குறிப்பவர் தாமே. உழைப்பிற்கும் பயிற்சிக்கும் உள்ள வேற்றுமை பெரும்பாலும் இதிலேதான் அடங்கியிருக்கின்றது.

முதுமையில் தசை வளராது என்னும் எண்ணமும் பிழையானது. 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறு வயதளவினரான பதின்மருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி அளித்தனர். முற்றும் பயின்ற ஒன்பதின்மருடைய கால்வலிமை சராசரியாக நூற்றுக்கு 174 வீதம் உயர்ந்தது. அஃதாவது இரண்டேமுக்கால் மடங்காயிற்று. உலகச் சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வகுத்த விதிப்படி, அறுபத்தைந்தைக் கடந்தவர்க்கும் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான உடலியக்கமும், இருநாளேனும் தசைப்பயிற்சியும், மூன்று நாள் உடற்சமநிலைப் பயிற்சியும் வேண்டும். வலித்தலின்கண் இம்மூன்றும் ஓரளவு ஒருங்கே அமைந்துள்ளன.

இனி, உண்மையிலேயே அவ்வாறு தொடங்கியவர் ஒருவரைக் காண்போம். அயர்லாந்து நாட்டுக் கார்க் நகரத்தவரான ரிச்சர்ட் மார்கன் என்பவர் ரொட்டி சுடுபவராகவும், பின்பு பாட்டரி செய்யும் தொழிலாளராகவும் காலங்கழித்தவர். ஒரகடத்துத் தொழிலாளர்க்கும் அவர்க்கும் தொழிலளவிற் பெரிய வேற்றுமையில்லை. எழுபத்துமூன்றாம் வயதுவரை ஒழுங்கான தேகப்பயிற்சி எதனையும் அவர் செய்ததில்லை. கல்லூரியிற் படகு வலித்துவந்த பேரன் ஒருநாள் பயிற்சியைப் பார்க்க அழைத்தான்; பயிற்சியாசிரியர் அங்கிருந்த ரோயிங் மெஷின் ஒன்றில் அமர்ந்து பார்க்கச் சொன்னார். அன்று அமர்ந்தவர் எழவேயில்லை என்று விளையாட்டாகக் கூறலாம். தம் வயதினர்க்குரிய உள்ளரங்கத் தண்டுப் போட்டியில் நான்கு முறை உலக வெற்றி பெற்றார். அவருக்குத் தொண்ணூற்றிரண்டு வயதானபோது விஞ்ஞானிகள் அவரைச் சோதித்தனர். 2,000 மீட்டர் வலித்த நிலையில் அவருடைய இருதயம் நிமிஷத்திற்கு 153 தடவை துடித்தது. உடலெடையிற் கொழுப்பு நூற்றுக்குப் பதினைந்தளவே. அவர் செய்த பயிற்சியோ, வீட்டுக் கொட்டகையொன்றில், நாளொன்றுக்குச் சுமார் நாற்பது நிமிஷம், வாரத்திற்கு 30 கிலோமீட்டர். அதிற் பத்தில் ஏழு பங்கு இலேசானது, இரண்டு பங்கு சற்றே கடினம், ஒரு பங்குமட்டும் முழுமுயற்சி. வாரத்திற்கு இரண்டு மூன்று நாள் கையெடைகளையும் தூக்குவார். இந்தப் பங்கீட்டைக் கவனிக்க வேண்டும். நம்மவருள் இதனைத் தலைகீழாக்கி, முதல் வாரத்திலேயே முழுமுயற்சி செய்து, இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுவோரே பலர்.

நம் கடலிலேயே நிகழ்ந்த செயலொன்றும் உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த கோலி சியாமளா என்னும் அம்மையார் நடுவயதில்தான் நீந்தக் கற்றவர். அவர் 2021-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இலங்கைக் கரையினின்று தனுஷ்கோடி வரை, ஏறக்குறைய 30 கிலோமீட்டர்ப் பாக் நீரிணையை 13 மணி 43 நிமிஷத்தில் நீந்திக் கடந்தார். அப்பொழுது அவர் நாற்பத்தைந்தைக் கடந்தவர். படகு வலிக்க விரும்புவோர்க்கு இவர் கதை இருவகையிற் பொருந்தும்: பின்வயதிலும் நீரச்சம் நீங்கும் என்பதொன்று, நீந்தத் தெரிந்த பின்னரே படகேறுதல் வேண்டும் என்பது மற்றொன்று.

பெருங்கடலையே வலித்துக் கடக்கும் முதியோரும் உளர். ஆங்கில நாட்டு பிராங்க் ராத்வெல் தமது எழுபதாம் வயதில், கனேரித் தீவிலிருந்து ஆண்டிகுவாத் தீவுவரை சுமார் 3,000 மைல் அட்லாண்டிக் கடலைத் தனியே ஐம்பத்தாறு நாளில் வலித்து 2021 பிப்ரவரியிற் கரைசேர்ந்தார். ஆனால் அடுத்த ஆண்டே பிரெஞ்சுக்காரரான ழான்-ழாக் சவேன் என்பவர் அதே கடலைத் தனியே கடக்கப் புறப்பட்டு, பயணத்திடையே எழுபத்தைந்து நிறைந்து, சின்னாட்களில் உயிரிழந்தார். அவர் பயிற்சியில்லாதவரல்லர், 2019-இல் பீப்பாய் வடிவான கலமொன்றில் அக்கடலைக் கடந்தவர். ராத்வெல்லைப் புகழும் எழுத்தாளர் சவேனைக் கூறாது விடுதல் நேர்மையன்று. ஐம்பது வயதில் தொடங்குவோர்க்குக் கடல் வேண்டா. அரை மைல் நீர் போதும்.

அந்த அரை மைல் எங்கே கிடைக்கும்? ஸ்ரீபெரும்பூதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் கண்முன் உள்ளன. அவற்றின் மிகுநீர் செம்பரம்பாக்கத்தைச் சேர்கின்றது. செம்பரம்பாக்கமோ சென்னை மக்கள் பருகும் நீர். அதனுள் நம் விருப்பம்போற் படகிடுதல் முறையாகாது. ஏனைய ஏரிகளும் அரசினர் பொறுப்பிலுள்ளவை. அனுமதியின்றி இறங்குதல் கூடாது. அன்றியும், மண்ணெடுத்த பள்ளங்கள் நீரடியில் மறைந்திருப்பதால் முழங்காலளவு என்று நினைத்த இடம் இருள் அளவாயிருக்கும். மழைக்காலத்தில் மதகருகே செல்லுதல் உயிருக்கே கேடு. ஆகவே இன்றைய நிலையில் ஒரகடத்தவர்க்கு இரண்டே வழி. ஒன்று, முட்டுக்காட்டிலே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984 முதல் நடத்திவரும் படகுத்துறை. அங்குள்ள துடுப்புப் படகு அகன்று கவிழாதிருப்பது, தொடங்குவோர்க்கு ஏற்றது. மற்றொன்று ரோயிங் மெஷின். 1981-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சகோதரர் இருவர் சைக்கிள் சக்கரத்தைக் கொண்டு செய்த கருவியின் வழிவந்தது இவ்வகை. எவ்வளவு பலமாக இழுக்கின்றோமோ அவ்வளவே அது எதிர்க்கும்; மெல்ல இழுத்தால் மெல்ல எதிர்க்கும். அறுபது வயதினரும் பதினாறு வயதினரும் ஒன்றன்பின் ஒருவராய் அதிலமரலாம். மாற்றியமைக்க வேண்டுவது ஒன்றுமில்லை. தொழிற்சாலைகள் தம் வளாகத்தில் கிரிக்கெட்டுக்கு மைதானம் அமைப்பதோடு, ஐம்பதைக் கடந்தவர்க்கென இத்தகைய கருவி நான்கைந்து வைத்தல் பெருஞ்செலவாகாது. ஒரு ஷிப்டு முடிந்து பஸ் புறப்படுமுன் உள்ள கால்மணி நேரமே போதியது. இரவு ஷிப்டு முடிந்தவர்மட்டும் உறங்கி எழுந்த பின்னரே வலிக்க வேண்டும்.

தொடங்கும் முறை இது. முதல் திங்களில் வாரத்திற்கு மூன்று நாள், ஐந்து நிமிஷம் வலித்து இரண்டு நிமிஷம் ஓய்ந்து, இவ்வாறு இருமுறை. அருகிலிருப்பவரோடு தடையின்றிப் பேசக்கூடிய அளவே மூச்சு வாங்கலாம். இரண்டாந் திங்களில் மும்முறை. நான்காந் திங்களிற்கூட இருபது நிமிஷத்திற்கு மேற்படவேண்டுவதில்லை. வயல்வேலை செய்தறிந்தவர் முதுகை வளைத்தே இழுப்பர். அவர்க்கு இடுப்பிலிருந்து சாய்தலைக் கண்ணாடிமுன் காட்டிக் கற்பித்தல் நலம்.

பின்வயதினர்க்கெனப் போட்டிகளும் உண்டு. உலக ரோயிங் சங்கத்தின் விதிப்படி இருபத்தேழு வயது நிரம்பியவரெல்லாம் ‘மாஸ்டர்ஸ்’ வகுப்பினர். அவர்க்குரிய தூரம் 1,000 மீட்டர். குழுப் படகாயின் வலிப்போர் அனைவருடைய வயதின் சராசரியைக்கொண்டு வகுப்பைத் தீர்மானிப்பர். இருபத்தேழு முதல் வகுப்பு, முப்பத்தாறு இரண்டாம் வகுப்பு, நாற்பத்துமூன்று மூன்றாம் வகுப்பு, ஐம்பது நான்காம் வகுப்பு, இவ்வாறே எண்பதுக்கு அப்பாலும் செல்லும். கணக்கு மாணாக்கர் இதனைச் செய்து பார்க்கலாம்: தொழிற்சாலையினின்று ஓய்வுபெறும் ஐம்பத்தெட்டு வயதுத் தந்தையும், அதே சாலையிற் பணிக்குச் சேர்ந்த இருபத்தெட்டு வயது மகனும் ஒரே படகில் அமர்ந்தால் சராசரி நாற்பத்துமூன்று. மூன்றாம் வகுப்பிற் கையெழுத்திட அவர்கட்கு உரிமை உண்டு. மகன் தன் முழு வேகத்தில் இழுத்தாற் படகு ஒருபக்கம் திரும்பிவிடும். ஆதலால் அவன் தந்தையின் தாளத்திற்கேற்ப வலித்தே தீரவேண்டும்.